அரிய கைப்பேசிக்கு ஏற்ற வழிகாட்டி



வழி அறியாதவன் பிறரைக் கேட்டு நடப்பது பழைய வழக்கம். இன்று பலரும் அவ்வினாவைக் கையிலுள்ள திறன்பேசியிடம் கேட்கின்றனர். அதுவும் தயங்காமல் விடை கூறுகிறது. ஆனால், எல்லாத் திறன்பேசிகளும் ஒரே வகையின அல்ல. மிகப் பெரும்பாலானவை ஆண்டிராய்டு, ஐஓஎஸ் என்னும் இரண்டு இயக்கமுறைமைகளுள் ஒன்றைக் கொண்டவை. இவ்விரண்டிலும் சேராத சிலவும் உள. பின்லாந்து நாட்டின் யோல்லா நிறுவனம் 2013இல் வெளியிட்ட கைப்பேசி அத்தகையது. அதன் இயக்கமுறைமைக்குச் செயில்ஃபிஷ் என்று பெயர்.

என்னிடம் நிலநூல் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பின்லாந்தில் பணியாற்றுகிறார். செயில்ஃபிஷ் கைப்பேசியை விரும்பி வைத்திருக்கிறார். விடுமுறை நாள்களில் நாட்டின் வடகோடியாகிய லாப்லாந்துக் காடுகளில் நடைப்பயணம் செல்வது அவர் வழக்கம். அங்கே ஊர்களுக்கு இடையே தொலைவு மிகுதி; குளிரும் கொடிது; கைப்பேசி அலை எட்டாத இடங்களும் உள. வழி தவறினால் உயிருக்கே இடர் நேரலாம். "என் கைப்பேசிக்கு நல்ல வழிகாட்டி மென்பொருளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?" என்று அவர் எனக்கு எழுதினார். அவருக்கு நான் அளித்த விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

வழிகாட்டி மென்பொருளின் பணி மூன்று. நாம் நிற்கும் இடத்தை அறிதல் ஒன்று. அதைச் சுற்றியுள்ள நிலத்தைப் படமாகக் காட்டுதல் ஒன்று. சேரவேண்டிய இடத்திற்கு வழி வகுத்தல் ஒன்று. இம்மூன்றையும் வேறு வேறாகப் பிரித்து ஆராய்ந்தால் தேர்வு எளிதாகும்.

முதலில் இடம் அறிதலைப் பார்ப்போம். மின்னலைக் கண்டு 3 விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில் தோன்றியது என்று கணக்கிடுகிறோம் அல்லவா? இதுவும் அத்தகைய கணக்கே. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் செய்தி புறப்பட்ட நேரத்தையும் வானொலி அலையில் ஓயாமல் அறிவிக்கிறது. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கைப்பேசி தொலைவை அறிகிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் புலப்படும். ஆனால், கைப்பேசியின் கடிகாரம் நுட்பமானது அன்று. ஒரு விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீட்டர் தவறு நேரும். அப்பிழையைத் திருத்த நான்காவது கோள் ஒன்று தேவைப்படுகிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். கைப்பேசி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை; வானொலிப் பெட்டியைப் போலக் கேட்க மட்டுமே செய்கிறது. ஆதலின் இணையமும் கட்டணமும் இல்லாமலே இடத்தை அறியலாம். அரிய கைப்பேசி என்பதற்காக வானம் வேற்றுமை பாராட்டுவதில்லை. ஆனால், சிறிது பொறுமை வேண்டும். ஜிபிஎஸ் கோள் தன் பாதையைப் பற்றிய செய்தியை விநாடிக்கு 50 பிட் என்னும் மெல்லிய நடையில் அனுப்புகிறது. வேண்டிய பகுதியைப் பெறுவதற்கே அரை நிமிடம் ஆகும். இத்தாமதத்தைக் குறைக்க, அண்மையிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களைக் கொண்டு இடத்தை விரைவில் உணர்த்தும் சேவைகள் உள. செயில்ஃபிஷ் பயன்படுத்திவந்த மொசில்லாவின் சேவை 2024இல் மூடப்பட்டது. அத்தகைய துணை இல்லாதபோது, திறந்த வெளியில் சற்று நின்று காத்திருந்து, பிறகு நடக்கத் தொடங்குவதே முறை.

இரண்டாவது, நிலப்படம். வேறுபாடு தொடங்குவது இங்கேதான். செயற்கைக்கோள் நமக்கு அளிப்பவை சில எண்களே. ஆறு எது, பாதை எது, சதுப்புநிலம் எது என்று அது கூறாது. அதைக் கூறுவது மனிதர் உழைத்து ஆக்கிய படம். அந்தப் படம் யாருடையது என்பது பெரிய கேள்வி.

பின்லாந்தின் நோக்கியா நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. அது நாவ்டெக் என்னும் நிலப்பட நிறுவனத்தை 2008இல் வாங்கியது. 2010இல் தன் திறன்பேசிகளில் வழிகாட்டும் வசதியை இலவசமாக அளித்தது. பின்னர், 2014இல் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டிடம் சென்றது. ஹியர் என்னும் பெயர் பெற்றிருந்த நிலப்படத் தொழிலை 2015இல் ஜெர்மன் கார் நிறுவனங்கள் மூன்று வாங்கின. விண்டோஸ் 10 கைப்பேசிகளுக்குத் தன் செயலியை அடியிலிருந்து மீண்டும் ஆக்க வேண்டியிருக்கும் என்று கூறி, 2016இல் ஹியர் அவற்றைக் கைவிட்டது. கைப்பேசி பழுதாகவில்லை, வானத்துக் கோள்களும் நிற்கவில்லை. ஆயினும் மக்கள் பழகியிருந்த வழிகாட்டி மறைந்தது. பயன்படுத்துவோர் சிலராக உள்ள கருவிக்கு இவ்வாறு நேர்வது வியப்பன்று.

ஆகவே, அரிய கைப்பேசி வைத்திருப்போர் எவரும் திரும்பப் பெற இயலாத படத்தை நாடுதல் நன்று. ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அத்தகையது. தன்னார்வலர் தத்தம் ஊர்களின் தெருக்களையும் பாதைகளையும் அதில் பதிவு செய்கின்றனர். மூலத்தைக் குறிப்பிட்டு, உரிம விதிகளுக்கு உட்பட்டு, யாரும் அதைப் பயன்படுத்தலாம். எனவே, ஒரு மென்பொருள் மறைந்தாலும் அப்படத்தைக் கொண்டு வேறொருவர் மற்றொன்றை ஆக்க முடியும். செயில்ஃபிஷில் பியூர் மேப்ஸ் என்னும் செயலியும் ஓஎஸ்எம் ஸ்கவுட் செர்வர் என்னும் துணைமென்பொருளும் இம்முறையில் அமைந்தவை. பின்னது வேண்டிய நாட்டின் படத்தைக் கைப்பேசியிலேயே சேமித்து வைத்து, இணையம் இல்லாதபோதும் முன்னதற்கு வழங்குகிறது.

மூன்றாவது, வழி வகுத்தல். காரில் செல்வோர்க்கு ஏற்ற வழி நடப்போர்க்கு ஏற்றதன்று. காட்டுப் பாதையை அறியாத மென்பொருள், நெடுஞ்சாலையில் சுற்றிவரச் சொல்லும். ஆதலின் நடைக்கெனத் தனியே வழி வகுக்கும் ஆற்றல் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை யாது? விளம்பரத்தையும் பிறர் புகழ்ச்சியையும் நம்பாமல், நாமே சோதித்து அறிவதே முறை. நன்கு அறிந்த சொந்த ஊரில் முதற்சோதனையை நடத்துங்கள். தரவு இணைப்பை நிறுத்திவிட்டு மென்பொருளைத் திறவுங்கள். படம் தோன்றுகிறதா? ஒரு தெருவின் பெயரைக் கொடுத்தால் கண்டுபிடிக்கிறதா? நீங்கள் அறிந்த ஒற்றையடிப் பாதை அதில் உண்டா? படம் எந்த மாதத்தில் புதுப்பிக்கப்பட்டது? ஒரு மணி நேரம் நடந்தால் மின்கலத்தில் எவ்வளவு குறைகிறது? இவ்வைந்து வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே அறியாத நிலத்தில் அதனை நம்பலாம்.

அப்போதும் முழுதும் நம்புதல் தகாது. கடுங்குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைந்து குறையும். காகிதப் படமும் திசைகாட்டியும் பையில் இருத்தல் வேண்டும். அவற்றைப் படிக்கும் பயிற்சியும் வேண்டும்.

மாணவர்களே, பலர் செல்லும் பாதையில் நடப்பவனுக்கு வழித்துணை தானே கிடைக்கும். அருகிய பாதையைத் தேர்ந்தவன் தன் துணையை ஆராய்ந்து தேடிக்கொள்ள வேண்டும். கருவி எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தவனுக்கு அத்தேடல் கடினமன்று. அவன் தன் ஊரின் விடுபட்ட பாதை ஒன்றைப் பொதுப்படத்தில் சேர்த்துவிட்டால், பின்னே வருகின்ற முகமறியாத ஒருவனுக்கு அவனே வழிகாட்டியும் ஆகிறான்.