உள்ளிருந்து ஒரு பெயர், வெளியிலிருந்து ஒரு பெயர்

நம்மிற் பலருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தந்தையின் இனம் என்ற இடத்தில் "இலங்கைச் சோனகர்" என எழுதப்பட்டிருக்கும். தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளையின் பத்திரத்தில் அதே இடத்தில் "இந்தியத் தமிழர்" என்றிருக்கும். இருவரும் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கலாம். இருவர் வீட்டிலும் பேசப்படுவது தமிழ்தான். அப்படியிருக்க ஒருவருக்கு முன்னால் "இலங்கை" என்றும் மற்றவருக்கு முன்னால் "இந்திய" என்றும் எழுதியது யார்?

இதற்கு விடை 1911ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இருக்கிறது. அந்த ஆண்டில்தான் பிரித்தானிய அரசாங்கம் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாகப் பிரித்துக் கணக்கெடுத்தது. சோனகரும் அவ்வாறே இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் எனப் பிரிக்கப்பட்டனர். கணக்கெடுப்பவருடைய வசதிக்காக வகுத்த பிரிவுகள் காலப்போக்கில் மனிதருடைய விதியையே தீர்மானிக்கும் பிரிவுகளாயின.

வெளியாரால் பெயர் சூட்டப்படுவது எப்படிப்பட்டது என்பதை நமது சமூகம் நன்கு அறியும். தமிழில் நம்மைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கிய சொல் சோனகர். 1505இல் வந்த போர்த்துக்கேயர், தாம் ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் கண்ட முஸ்லிம்களுக்கு வைத்த பெயரையே இங்கும் வைத்து "மூர்" என்றனர். பின்னர் 1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என வாதித்துக் கட்டுரை வெளியிட்டார். மொழியையும் வழக்கங்களையும் அவர் சான்றாகக் காட்டினார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே மறுப்பு எழுதினார். இது ஏட்டுச் சண்டை மட்டுமன்று. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வியும் அக்காலத்தில் இதனோடு சேர்ந்தே இருந்தது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பெயரோடு உரிமையும் சேர்ந்தே வருகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தோட்டத் தமிழர் விடயத்தில் பெயரோடு உரிமை போய்விட்டது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டு, பின்னர் தேயிலையையும் இறப்பரையும் வளர்த்த மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தமையை நிரூபிக்கச் சொன்னது. லயன் அறையில் பிறந்து, பதிவே இல்லாமல் வளர்ந்தவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. நாடற்ற நிலை முழுதாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் நாம் அதிகம் அறியாத மறுபக்கம் ஒன்றுண்டு. இங்கே "இந்தியாக்காரர்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போய் இறங்கினார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் பலர் குடியேற்றப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் "சிலோன்காரர்". கடலுக்கு இக்கரையில் இந்தியர், அக்கரையில் இலங்கையர். வெளியிலிருந்து வைக்கும் பெயர், அதை வைப்பவர் நிற்கும் இடத்தையே காட்டுகிறது.

உலகின் பெரிய நாடுகளிலும் இதே பிரச்சினை உண்டு. 2018இல் பிரான்ஸ் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் வென்றது. அணியில் பலர் ஆபிரிக்கப் பூர்வீகத்தைக் கொண்டவர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ட்ரெவர் நோவா, ஆபிரிக்கா வென்றுவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார். அமெரிக்காவுக்கான பிரான்ஸ் தூதுவர் ஜெரார்ட் அரோ உடனே கடிதம் எழுதினார். 23 வீரரில் இருவரைத் தவிர அனைவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள், அவர்கள் பிரெஞ்சுக்காரர், அதற்கு முன்னால் வேறு அடைமொழி எதுவும் எமக்கில்லை என்பது அவர் வாதம். ஒருவர் ஏன் இரண்டுமாக இருக்கக்கூடாது என்று நோவா திருப்பிக் கேட்டார்.

இருவரும் தத்தம் அனுபவத்திலிருந்தே பேசினார்கள். அமெரிக்காவில் "ஆபிரிக்க அமெரிக்கர்" என்பது மதிப்போடு சொல்லும் பெயர். அங்கே குடிசன மதிப்பீடு ஒவ்வொருவருடைய இனத்தையும் கேட்கிறது. பிரான்ஸின் குடிசன மதிப்பீடு அதைக் கேட்பதே இல்லை. குடியரசின் முன் பிரஜை என்ற ஒரே அடையாளந்தான் உண்டு என்பது அவர்கள் கொள்கை. அந்த நாட்டிலே பூர்வீகத்தைச் சுட்டுபவர் பெரும்பாலும் "நீ எங்களவன் அல்லன்" என்று சொல்ல வருபவர். ஆகையால் தூதுவருக்கு அது குத்தியது. ஆனால் எல்லோரும் ஒன்று என்னும் கொள்கை, எல்லோரும் ஒரேமாதிரி தோன்ற வேண்டும் என்ற கட்டளையாகவும் மாறலாம். அரச பாடசாலைகளில் மாணவியர் பர்தா அணிவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டவர் பலர் சமத்துவம் என்கின்றனர். அமெரிக்கர் பலருக்கோ அது மதச் சுதந்திரத்தின் மீது வைத்த கையாகத் தெரிகிறது. நமக்கும் அப்படித்தான் தெரியும்.

நமது அயலவரான தோட்ட மக்கள் இந்த இரண்டு பார்வைகளாலும் துன்பப்பட்டவர்கள். பூர்வீகத்தை மட்டுமே பார்த்தவர்கள் அவர்களை நாட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். பூர்வீகத்தை மறந்துவிடு என்பவர்கள் இருநூறு வருட உழைப்பையும் சேர்த்தே மறக்கச் சொல்கிறார்கள். பயத்தாலும் வெட்கத்தாலும் பலர் "இலங்கைத் தமிழர்" என்றே பதிந்துகொண்டதும் உண்டு. 1981இல் இந்தியத் தமிழர் 8,18,656 பேர். 2012இல் 8,39,504 பேர். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சிறிய அதிகரிப்பு ஏற்பட நாடு திரும்பியமை உட்படப் பல காரணங்கள் உண்டு. பெயரை மாற்றிப் பதிந்தமையும் அவற்றுள் ஒன்று. எண்ணிக்கை குறைந்தால் அந்தச் சமூகத்தின் வீடு, பாடசாலை, காணி பற்றிய கோரிக்கைகளின் குரலும் தாழ்ந்துவிடும்.

ஆகவேதான் அவர்கள் தமக்குத் தாமே ஒரு பெயர் தேடினார்கள்: மலையகத் தமிழர். தெஹியோவிட்டையின் தாழ்ந்த இறப்பர் தோட்டத்தில் மலை எங்கே என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்தப் பெயர் நிலத்தின் உயரத்தை அளப்பதில்லை. இந்த மண்ணில் உழைத்த ஒரு வரலாற்றை அது சொல்கிறது. பலாங்கொடையிலும் யட்டியாந்தோட்டையிலும் இருப்பவர்க்கும் அது உரியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனி அந்த இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தது. 2024ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் "இந்தியத் தமிழர்" என்பதோடு "மலையகத் தமிழர்" என்ற சொல்லும் இடம்பெற்றது. "இந்திய வம்சாவளித் தமிழர்" என்பதையே விரும்புவோரும் அவர்களுள் உண்டு. அது அவர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

நமது கடமை என்ன? தோட்டத் தொழிலாளருக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ஏ. அஸீஸ் ஒரு முஸ்லிம் என்பதை நமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். கடைத்தெருவிலும் சில வேளை நமது வீடுகளிலும் வழங்கும் "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" போன்ற சொற்களைப் பெற்றோர் பிள்ளைகளின் காதில் விழவிடலாகாது. மாணவியரே, பக்கத்து வாங்கில் இருக்கும் தோழியை நாம் என்ன பெயரால் அழைப்பது என்று ஐயம் வந்தால் அவளிடமே கேளுங்கள். "நீ தமிழச்சிதானே" என்று பிறர் நம்மை முடிவு கட்டியபோது அப்துல் அஸீஸ் கேட்ட உரிமையும் அதுதான்: எங்களை யாரென்று சொல்ல எங்களுக்கும் வாய் இருக்கிறது.