கசெற்றில் வந்த குரல்களைக் கொம்பியூட்டரில் காப்பது எப்படி?



எமது குடும்பங்கள் பலவற்றில் அலுமாரியின் அடித்தட்டிலோ கராஜில் ஒரு பெட்டிக்குள்ளோ பழைய கசெற்றுகள் சில கிடக்கும். பாட்டுக் கசெற்றுகளை நான் சொல்லவில்லை. ஊரிலிருந்து பேசி அனுப்பிய கசெற்றுகளைச் சொல்கிறேன். தொலைபேசித் தொடர்பு இல்லாத காலத்தில், எழுதப் பழகாத அம்மம்மாவும், எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்ற அம்மாவும் ரெக்கோடருக்கு முன்னால் இருந்து கதைத்து, கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிட்ட குரல்கள் அவை. கதைத்தவர்களில் பலர் இன்று எம்மோடு இல்லை.

அண்மைக் காலமாகப் பிள்ளைகள் இவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். மிகவும் நல்ல விடயம். ஆனால் வானொலி நிலையத்துக்கு நேயர்கள் கொண்டுவரும் யூஎஸ்பிகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. கசெற்றைப் பதிந்து, சேமித்து, பத்திரமாகக் கொண்டும் வந்திருப்பார்கள். திறந்து பார்த்தால் அதற்குள் குரல் இருக்காது. இது ஏன் நடக்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

சேமிப்பது வேறு, ஏற்றுமதி வேறு

எம்மவரில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஓடாசிற்றி என்ற மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பேர்க் ஆகிய இருவரும் தொடங்கி, 2000ஆம் ஆண்டு மே மாதம் இலவசமாக வெளியிட்டார்கள். இன்றும் அது இலவசம்தான். சிலர் அடோபி ஓடிஷன் வைத்திருப்பார்கள். முன்பு கூல் எடிற் புரோ என்ற பெயரில் இருந்ததை 2003இல் அடோபி நிறுவனம் வாங்கிப் பெயர் மாற்றியது. எந்த மென்பொருளாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

இவற்றில் "சேவ் புரொஜெக்ட்" என்று அழுத்தினால் சேமிக்கப்படுவது உங்கள் வேலை. எந்தத் துண்டை எங்கே வெட்டினீர்கள், எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டினீர்கள், எத்தனை தடங்களை அடுக்கினீர்கள் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதை அந்த மென்பொருள் மட்டுமே வாசிக்கும். காரில் உள்ள பிளேயரோ, அண்ணாவின் கைத்தொலைபேசியோ வாசிக்காது. எல்லாக் கருவியிலும் கேட்கக்கூடிய ஒலிக்கோப்பு வேண்டுமென்றால் "எக்ஸ்போர்ட்" செய்ய வேண்டும். வெளியே உள்ள ஒலிக்கோப்பை உள்ளே கொண்டுவருவது "இம்போர்ட்". வணிகம் படித்த எனக்கு இறக்குமதி, ஏற்றுமதி என்றால் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். இங்கும் அதே கதைதான். துறைமுகம் தாண்டாத சரக்கு வெளியூர்க்காரனுக்கு உதவாது.

எனது தொழிலை வைத்துச் சொன்னால் இன்னும் விளங்கும். கணக்காளரின் மேசையில் மூன்று வகைக் கடதாசிகள் இருக்கும். ஒன்று பற்றுச்சீட்டுகள். அவற்றில் யாரும் கை வைக்கக்கூடாது. இரண்டாவது வேலைத்தாள்கள். கூட்டுவோம், அடிப்போம், திருத்துவோம். மூன்றாவது இறுதிக் கணக்கும் ஐந்தொகையும். வெளியாருக்குப் போவது அது. கசெற்றிலிருந்து பதிந்த தொடாத ஒலி பற்றுச்சீட்டு, புரொஜெக்ட் வேலைத்தாள், எக்ஸ்போர்ட் செய்த கோப்பு ஐந்தொகை. மூன்றும் தேவை, மூன்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். வேலைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு பற்றுச்சீட்டை எறிகிற கணக்காளரை யாரும் நம்பமாட்டார்கள்.

குரல் இல்லாத கோப்பு

2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கு முந்திய ஓடாசிற்றிப் பதிப்புகளில் ஒரு புரொஜெக்ட் இரண்டு பகுதியாக இருந்தது. ஏயூபி என்று முடியும் சிறிய கோப்பு ஒன்று. அதே பெயரோடு "டேற்றா" என்று முடியும் போல்டர் ஒன்று. ஒலி முழுவதும் அந்தப் போல்டருக்குள் சிறு சிறு துண்டுகளாக இருந்தது. ஏயூபி கோப்போ எந்தத் துண்டு எங்கே வரும் என்ற பட்டியல் மட்டும்தான். நேயர்கள் பலர் யூஎஸ்பியில் அந்தப் பட்டியலை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டுக் கணினியில் போல்டர் இருந்தால் பிழைத்தோம். "என்ன இது, பெயர் விளங்காத குப்பை" என்று யாராவது அழித்திருந்தால், கசெற்றிலிருந்து மீண்டும் பதிவதைத் தவிர வழியில்லை.

2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே கோப்புக்குள் வருகிறது. பழைய ஏயூபி புரொஜெக்ட்களைப் புதிய பதிப்பு திறந்து தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். போல்டர் கூட இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் புதியதைப் பழைய பதிப்பால் திறக்க முடியாது. ஆகவே வீட்டில் பழைய கணினியில் ஏயூபி கோப்புகள் இருந்தால், கணினியை எறிய முன்னர் கோப்பையும் போல்டரையும் ஒன்றாகப் பிரதி எடுத்து, திறந்து, எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

ஓடிஷன், ரீப்பர் போன்றவற்றில் பல தடங்களை வைத்து வேலை செய்யும்போது இந்த ஆபத்து இன்றும் உண்டு. அவற்றின் புரொஜெக்ட் கோப்பு, ஒலிக்கோப்புகள் இருக்கும் இடத்தை மட்டுமே குறித்து வைத்திருக்கும். ஒலிக்கோப்பை வேறு போல்டருக்கு மாற்றினால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும். ஒரு கசெற்றுக்கு ஒரு போல்டர், அந்தக் கசெற் சம்பந்தப்பட்ட அனைத்தும் அதற்குள் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலையிடி இல்லை.

உள்ளே எடுப்பது

கசெற் பிளேயரின் வெளியீட்டிலிருந்து ஒரு வயரைக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் அதற்கான துளை பெரும்பாலும் இல்லை; யூஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி இடைமுகப் பெட்டி ஒன்று தேவைப்படும். பதியும்போது சத்தத்தின் உச்சம் பூச்சியத்தைத் தொடக்கூடாது. மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழே நிற்கட்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். பூச்சியத்தைத் தாண்டி வெடித்த ஒலியைத் திருத்துவது மிகக் கடினம்.

சர்வதேச ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, இப்படியான பதிவுகளுக்குக் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் என்று பரிந்துரைக்கிறது. ஓடாசிற்றியின் அமைப்புகளில் இதைத் தெரிவு செய்யலாம். பதிந்து முடித்தவுடன், ஓர் இடத்திலும் வெட்டாமல், வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து "மூலம்" என்று பெயரிட்டு வையுங்கள். இதுவே பற்றுச்சீட்டு. இதற்குப் பிறகுதான் மற்ற வேலை எல்லாம்.

ஒரே புரொஜெக்டில் இரண்டு மூன்று கோப்புகளை இம்போர்ட் செய்தால் அவை ஒன்றன் கீழ் ஒன்றாக வேறு வேறு தடங்களில் நிற்கும். அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். அம்மாவும் மாமாவும் ஒருவர் மேல் ஒருவர் கதைப்பார்கள். வேண்டாத தடத்தை "மியூட்" செய்தால் அது வெளியே போகாது. ஒரு பக்கத்தில் பலர் கதைத்திருந்தால், ஒவ்வொருவர் தொடங்கும் இடத்திலும் "லேபிள்" ஒன்றைப் போடுங்கள். லேபிள்களின்படி பிரித்து எக்ஸ்போர்ட் செய்யும் வசதியால் ஒவ்வொருவரின் குரலும் தனிக்கோப்பாக வந்துவிடும்.

பற்றரி இறங்கிய குரல்

ஒலியைக் கடைசியாகச் செப்பனிடுவதை மாஸ்ரரிங் என்கிறார்கள். எமது கசெற்றுகளுக்கென்றே இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. இறங்கிப்போன பற்றரியில் பதிந்தபோது நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இங்கே சரியான வேகத்தில் ஓடவிட்டால் ஐயாவின் குரல் சிறுபிள்ளையின் கீச்சுக்குரலாக, அவசரமாகக் கேட்கும். நாடா பழுதென்று எறிந்துவிட வேண்டாம். ஓடாசிற்றியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளை உண்டு. அதைப் பயன்படுத்திச் சற்றுக் குறையுங்கள். வேகத்தை மட்டும் மாற்றும் "ரெம்போ" கட்டளை இதற்குச் சரிவராது. அது குரலின் சுருதியைத் தொடாது.

எவ்வளவு குறைப்பது? அதற்குக் கருவி இல்லை. அந்தக் குரலைத் தெரிந்த ஒருவரின் காதுதான் அளவுகோல். "இதுதான் எங்கள் ஐயா" என்று சொல்லக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள். இந்த வேலையை இன்னும் பத்து வருடத்துக்குத் தள்ளிப்போட முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் நாடாவின் வயது மட்டுமல்ல. அந்தக் காதுகளின் வயதும்தான்.

இரைச்சல் குறைக்கும் கட்டளையையும் அளவோடு பாவியுங்கள். கூடினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். பின்னணியில் கேட்கும் சேவல், கோயில் மணி, பக்கத்து வீட்டுக்காரரின் கூப்பிடுகை எல்லாம் இரைச்சல் அல்ல. அவையும் ஊர்தான்.

வெளியே எடுப்பது

60 நிமிடக் கசெற் ஒன்றுக்கு ஏறத்தாழ எவ்வளவு இடம் போகும் என்று பாருங்கள்.

வேவ், ஒற்றைத் தடம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்: 520 மெகாபைற்.
பிளாக்: பெரும்பாலும் அதன் பாதியளவு, ஒலித்தரத்தில் எந்த இழப்பும் இல்லை.
எம்பி3, 128 கிலோபிற்: 58 மெகாபைற்.

எம்பி3 சிறிது; ஆனால் சில ஒலிகளை எறிந்துவிட்டுத்தான் சிறிதாகிறது. எம்பி3யை மீண்டும் இம்போர்ட் செய்து, திருத்தி, மீண்டும் எம்பி3 ஆக்கினால் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பிபோல ஒவ்வொரு முறையும் மங்கும். ஆகவே வைத்திருக்க வேவ் அல்லது பிளாக். உறவினருக்கு அனுப்ப எம்பி3. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக மீளப் பதியாமல், ஆவணமாக இணையுங்கள்.

பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள், பிறகு பேசியவர், பிறகு பக்கம். "1992-04-00 அம்மம்மா பக்கம் 1" என்று வைத்தால் கணினியே கால ஒழுங்கில் அடுக்கிவிடும். நாள் தெரியாவிட்டால் பூச்சியம் போடலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் விபரப் பெட்டியில் பேசியவரின் முழுப்பெயர், ஊர், யாருக்குப் பேசினார் என்பதை யூனிகோட் தமிழில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதினால் பிள்ளைகளின் கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

கடைசியில் ஒரு வங்கி இணக்கம். 30 நிமிடப் பக்கம் ஒன்றுக்குக் கோப்பும் ஏறத்தாழ 30 நிமிடம் வர வேண்டும். 12 நிமிடம்தான் இருந்தால் எங்கோ பதிவு நின்றிருக்கிறது. வேறொரு கருவியில் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கேட்ட பின்னரே பட்டியலில் சரி அடையாளம் இடுங்கள்.

ஒரு பிரதி பிரதியே அல்ல

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சிட்ட நூல்கள் சிலவற்றை வேறிடத்தில் தேடி எடுக்கலாம். ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான். நெருப்பு மட்டும்தான் ஆபத்து என்றில்லை. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையவழிச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. பெரிய நிறுவனத்துக்கே இது நடக்குமென்றால் எமது மடிக்கணினி எம்மாத்திரம்?

ஆகவே மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று வெளியே வைக்கும் வன்தட்டில், ஒன்று வேறு வீட்டில். வால்தம்ஸ்டோவில் ஒன்று இருந்தால் ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டில் ஒன்று இருக்கட்டும். சிதறிப்போனதால் எமக்குக் கிடைத்த ஒரே வசதி இது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசெற்றையும் எறிய வேண்டாம். குடும்பத்தார் சம்மதித்தால் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். ஒலி ஆவணங்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள். எமது இப்பகுதியின் வோல்தம் பொறெஸ்ட் வாய்மொழி வரலாற்றுப் பட்டறை, 1983இலிருந்து இங்குள்ள மக்களின் நினைவுகளைப் பதிந்து வருகிறது. 1983 எமக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத ஆண்டு. நாம் ஓடத் தொடங்கிய அதே காலத்தில் இந்த ஊர்க்காரர் தம் பெற்றோரின் கதையைப் பதியத் தொடங்கியிருக்கிறார்கள்.

வானொலிக்குக் கொடுத்துவிட்டோம், அவர்கள் வைத்திருப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒலிபரப்பானவற்றை 42 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதே எமக்குள்ள சட்டக் கடமை. அதற்கு மேல் காப்பது குடும்பத்தின் பொறுப்பு.

இந்த மாதம் ஒரே ஒரு கசெற்றை எடுங்கள். மூலம், புரொஜெக்ட், எக்ஸ்போர்ட் என்று மூன்றையும் ஒரு போல்டரில் வையுங்கள். பிள்ளை கணினியில் இருக்கட்டும். குரலைத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். மற்றக் கசெற்றுகளை எப்படிச் செய்வது என்று அதன்பின் யாரும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையிருக்காது.