கோமாவில் இருப்பவருக்கு எத்தனை மார்க்?

"ஸ்கோர் ஆறுதான் இருக்கு. வென்டிலேட்டர்ல வெச்சிருக்கோம். எழுபத்திரண்டு மணி நேரம் போகட்டும், பார்க்கலாம்."

ஐ.சி.யு. கதவைத் திறந்து டாக்டர் இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆறா? பத்துக்கு ஆறா, நூற்றுக்கு ஆறா?

பதினைந்துக்கு ஆறு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974-ல் உருவாக்கிய கணக்கு இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. உங்களுக்கும் எனக்கும் 15. அசைவே இல்லாமல் கிடப்பவருக்கும் 3 மார்க் உண்டு. அதற்குக் கீழே கிடையாது! எட்டும் அதற்குக் கீழும் இருந்தால் 'கடுமையான தலைக்காயம்' என்று அர்த்தம். கண் திறக்கவில்லை, பேச்சில்லை, ஆனால் கிள்ளினால் கையை இழுத்துக்கொள்கிறார் என்றால் ஆறு. நாளைக்கு அவரே கிள்ளுகிற கையைத் தட்டிவிடப் பார்த்தால் ஏழு. அந்த ஒரு மார்க் டாக்டருக்குப் பெரிய சந்தோஷம். அதனால் "எப்படி இருக்கார்?" என்று கேட்பதைவிட "நேத்தைக்கு இன்னிக்கு அசைவு கூடியிருக்கா, டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வரும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், கொஞ்சம் நீர். காலில் அடிபட்டால் வீங்குவதற்கு இடமிருக்கிறது. மூளைக்கு அந்த வசதி இல்லை. வீங்கினாலோ, ரத்தம் கட்டினாலோ பெட்டிக்குள் அழுத்தம் ஏறும். ஏறினால் மூளைக்குப் புது ரத்தம் போவது குறையும், வீக்கம் இன்னும் கூடும். முதல் அடியில் செத்த செல்களை எந்த டாக்டராலும் மீட்க முடியாது. ஐ.சி.யு.வில் நடக்கும் போராட்டமெல்லாம் இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கத்தான்.

ரத்தக்கட்டில் ஒரு ஏமாற்றுக்காரக் கட்டி உண்டு. நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போய், சாதாரணமாகத்தான் விழுந்தார். சிரித்தார், பேசினார், டாக்டர் வேண்டாம் என்றார். சில மணி நேரத்தில் தலைவலி. இரண்டு நாளில் மரணம். மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. நடுவில் நன்றாக இருப்பது போலத் தெரிகிற இந்த இடைவெளியில்தான் "ஒண்ணுமில்ல, தூங்கினா சரியாயிடும்" என்று நம் வீடுகளில் படுக்க வைத்துவிடுகிறோம். விழுந்த பிறகு தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, குழறினாலோ, தூங்கி வழிந்தாலோ உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டி என்றால், அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், ப்ளீஸ்! மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைப்பார்கள். மானிட்டால் போன்ற மருந்து ஏற்றி வீக்கத்தை வடிப்பார்கள். மூளைக்கு ஓய்வு கொடுக்க மயக்க மருந்தும் கொடுப்பார்கள். "கோமாவில் வைத்திருக்கிறோம்" என்று சொல்வது இதைத்தான். மருந்தைக் குறைக்கும் வரை அவர் கண் விழிக்கவில்லையே என்று பதறுவதில் அர்த்தமில்லை.

"ஸ்டீராய்டு போட்டா வீக்கம் குறையுமாமே, ஏன் போடலை?" என்று யாராவது உறவினர் கட்டாயம் கேட்பார். முன்பு போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சுமார் பத்தாயிரம் பேரிடம் நடந்த 'கிராஷ்' ஆய்வின் முடிவு 2004-ல் வந்தது. ஸ்டீராய்டு போட்டவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். அதோடு அந்தப் பழக்கம் ஒழிந்தது.

எதற்கும் அழுத்தம் அடங்காவிட்டால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியையே எடுத்துவிடுவது உண்டு. எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள், அல்லது உறைநிலையில் பத்திரப்படுத்துவார்கள். இந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது உயிரைக் காப்பாற்றலாம். பழைய மனிதரை அப்படியே திருப்பித் தரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. "பிழைச்சா எந்த நிலைமையில இருப்பார்?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல. கோமாவில் மூளை தூங்குகிறது, எழலாம். மூளைச்சாவில் திரும்பி வருவது என்பதே கிடையாது. உறுப்பு தானத்துக்காக அதை உறுதிசெய்ய நம் நாட்டு 1994-ம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும்.

சினிமாவில் கோமாவிலிருந்து எழுபவர், "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்டு அடுத்த சீனில் டூயட் பாடுவார். நிஜத்தில் விழிப்பு துண்டு துண்டாகத்தான் வரும். கண் திறப்பார், யாரையும் பார்க்கமாட்டார். பிறகு டியூபைப் பிடுங்குவார், நர்ஸை அடிப்பார். "எங்க வீட்டுக்காரர் வாயில கெட்ட வார்த்தையே வராது, இப்ப என் காதால கேட்க முடியலை" என்று மனைவிமார் கூசிப் போவார்கள். அது அவர் குணமல்ல அம்மா, அடிபட்ட மூளையின் குழப்பம். பெரும்பாலும் குறையும். ஒரே ஆள் பேசுங்கள், மெதுவாகப் பேசுங்கள். இருபது பேர் பழக்கூடையோடு கட்டிலைச் சுற்றி நிற்காதீர்கள்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் மெதுவாகத் தொடரும். பிஸியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கை கால் தேறினாலும் மறதி, கோபம், கணக்கில் தடுமாற்றம் நிற்கலாம். ஆபீசுக்கு முதலில் அரைநாள் போகட்டும். எலும்பைத் திரும்ப வைக்கும்வரை வீட்டுக்குள் நடக்கும்போதும் தலைக்கவசம் வேண்டும். வண்டிச் சாவியை வலிப்பு பயம் நீங்கியதாக டாக்டர் சொல்லும் வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர் எத்தனை கெஞ்சினாலும்.