பல்டேயஸ் என்னும் பெயர்



பல்டேயஸ் பாதிரியாரைப் பற்றிச் சென்ற வாரம் பேசினேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர், "அப்பெயருக்கு ஒல்லாந்த மொழியில் என்ன பொருள்?" என்று வினவி எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால், 'பல்டேயஸ்' ஒல்லாந்தப் பெயரே அன்று என்பதுதான் விடையின் தொடக்கம்.

பிலிப்பஸ் பல்டேயஸ் 1632ஆம் ஆண்டு ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டியதும் அவ்வூரின் பெயரே. கால்வாய் தோண்டப்பட்ட இடம் என்பது அதன் பொருள். அவருடைய குடும்பப் பெயர் 'பால்டெ'. துணிவைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லான 'பால்ட்' இதன் வேர். ஆங்கிலத்தில் துணிவுள்ளவனைக் குறிக்கும் 'போல்ட்' என்ற சொல்லும் இதன் உறவே.

பால்டெ எப்படிப் பல்டேயஸ் ஆயிற்று? அக்காலத்து ஐரோப்பாவில் கற்றோர் மொழி இலத்தீன். கல்விமான்கள் தம் பெயருக்கு இலத்தீன் விகுதி சேர்த்துக்கொள்வது வழக்கம். அதே டெல்ஃப்டில் 1583இல் பிறந்த சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸின் குடும்பப் பெயர் 'டி குரூட்'. 'பெரியவர்' என்று பொருள். நம்மவர் பெயரை வடமொழிப்படுத்தியது போன்றதே இது.

ஆனால், கப்பலில் வந்த சாதாரண ஒல்லாந்தரிற் பலருக்குக் குடும்பப் பெயரே இல்லை. யான் என்பவரின் மகன் 'யான்ஸோன்'. சுருக்கி எழுதினால் 'யான்ஸ்'. இலங்கைப் பறங்கியரிடையே இப்பெயர் இன்றும் குடும்பப் பெயராக வழங்குகிறது. நெதர்லாந்தில் குடும்பப் பெயர் கட்டாயமானது 1811இல், நெப்போலியனின் ஆணையாலேதான். தகப்பன் பெயரை முன்னே வைத்து எழுதும் நமக்கு இது புதுமையன்று.

இனி நம்மவர் பக்கம் வருவோம். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. பல்டேயஸ் 1665 வரை இங்கே ஊழியஞ் செய்தார். தமிழ் கற்றார். 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியான அவரது நூல் தமிழ் எழுத்தையும் இலக்கணத்தையும் ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்தது. அதே ஆட்சியில் முதலியார் போன்ற பதவி வேண்டுமானாலும், திருமணத்தைப் பதிய வேண்டுமானாலும் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் அவசியம். அதனாற் பாடசாலைத் தோம்புகளிலே கிறிஸ்தவப் பெயர்கள் ஏறின. வீட்டிலோ பழைய பெயரும் பழைய வழிபாடும் பலரிடம் நிலைத்திருந்தன.

பால்டெ பல்டேயஸ் ஆனது கல்விப் பெருமையால். நம் மூதாதையரிற் பலரின் பெயர் ஏட்டில் மாறியதோ, பதவியும் திருமணமும் சொத்துரிமையும் அதனைச் சார்ந்திருந்தமையால். இரண்டும் பெயர் மாற்றங்களே, இரண்டும் ஒன்றல்ல.

ஆதலால் நேயர்களே, பழைய தோம்பிலோ உறுதியிலோ உங்கள் முன்னோர் ஒருவரின் பெயர் அந்நியமாகத் தோன்றினால், அவர் சமயம் இன்னதென்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பெயரின் பொருளை அகராதி சொல்லும். அந்தப் பெயரை அவர் விரும்பி ஏற்றாரா, வேறு வழியின்றி ஏற்றாரா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.