ஹாக்கிங், சேகன், கொழும்பு கிளார்க்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறினால் லயக் கூரைகளைக் கவனியுங்கள். தகரம் துருப்பிடித்துக் கிடந்தாலும் மேலே ஒரு டிஷ் நிற்கும். ஒரே கம்பனி டிஷ்கள் அத்தனையும் ஒரே திசையைப் பார்த்தபடி, இரவும் பகலும் அசையாமல் இருக்கும். வானத்தில் எல்லாமே நகரும்போது இது எப்படி? தேத்தண்ணியை ஊற்றிக்கொள்ளுங்கள், சொல்ல நேரம் பிடிக்கும்.

400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றும் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். தூரத்துச் சந்திரனுக்கோ 27 நாள் வேண்டும். அப்படியென்றால் நடுவே எங்கோ, சரியாக ஒரு நாள் பிடிக்கும் உயரமும் இருந்தாக வேண்டும். அது ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர். அங்கே பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, பூமி சுழலும் திசையிலேயே ஒரு செய்மதியை ஓடவிட்டால், கீழேயிருந்து பார்க்கிறவருக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கும்; அதைப் பார்க்கும் டிஷ்ஷும் அசைய வேண்டியதில்லை. அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பில் காலமானவர்.

1988இல் கடவுள், பிரபஞ்சம், மிச்சமுள்ள எல்லாம் என்று துணிச்சலாகத் தலைப்பு வைத்து ஒரு தொலைக்காட்சி உரையாடல் நடந்தது. நடத்தியவர் மக்னஸ் மக்னஸன். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் கிளார்க்கும் அரங்கில். வானியலாளர் கார்ல் சேகன் செய்மதி வழியாகத் திரையில். 36,000 கிலோமீற்றர் ஏறி இறங்கும் கேள்விக்குக் கால் செக்கன், பதிலுக்கு இன்னொரு கால் செக்கன். அந்த அரைச் செக்கன் இடைவெளிக்கு மூலகாரணமான யோசனையை எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

ஹாக்கிங் 1985இல் குரலை இழந்தவர். திரையில் சொல் சொல்லாகப் பொறுக்கி வைப்பார், கணினி பேசும். நாலு வரிப் பதில் கோக்கவே நிமிடக்கணக்கு. நம் சேனல் விவாதங்களில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கணினி பேசுமுன்பே வாக்கியம் முழுசாக யோசிக்கப்பட்டிருக்கிறது.

அதே 1988இல்தான் அவருடைய காலம் பற்றிய புத்தகமும் வந்தது, முன்னுரை சேகன். பிரபஞ்சம் தொடங்குமுன் என்ன இருந்தது? தென் துருவத்துக்கும் தெற்கே என்ன இருக்கிறது என்று கேட்பது போலத்தான் அது என்பது ஹாக்கிங்கின் வாதம். அங்கே போய்த் தேடினால் சுவரும் இல்லை, பள்ளமும் இல்லை. தெற்கு என்பதே அங்கே முடிந்துபோகிறது. பின்னோக்கிப் போனால் காலமும் அப்படி முடியலாம் என்றார். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்வியே பிழையாக இருக்கலாம் என்று ஒருவர் பொறுமையாகக் காட்டுவதைத் தொலைக்காட்சியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

கிளார்க்குக்கு நம் மலைமேல் ஒரு கண் இருந்தது. 1979இல் வந்த நாவலில் சிவனொளிபாதமலையை மாதிரியாக வைத்து, அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு தூக்கி கட்டினார். அசையாத செய்மதியிலிருந்து தொங்கும் கம்பி பூமத்திய ரேகையில்தான் நேராக இறங்கும். இலங்கையோ அதற்கு வடக்கே. ஆகவே கதைக்காகத் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளினார். போதாததற்கு மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். நல்லதண்ணியிலிருந்து படியேறி முழங்கால் பிடித்துக்கொண்டவர்கள் அதை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.