கழுத்து நாடா எங்கே கழல வேண்டும்?

உசிலம்பட்டிச் சந்தையில் சாவி, விசில் தொங்கவிட நாடா வாங்குகிறீர்களா? 15 மில்லிமீட்டர் பட்டையாக எடுங்கள். அதே எடை 3 மில்லிமீட்டர் கயிற்றில் தொங்கினால் தாங்கும் பரப்பு குறையும். பிடரியில் அழுத்தம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும்.

அகலம் உறுத்தலைத்தான் தீர்க்கும். உயிரைக் காப்பது பிடரிப் பக்கம் வரும் பிளாஸ்டிக் கொக்கி. கரும்புச்சாறு மெஷினோ பைக் செயினோ நாடாவை இழுத்தால் அது பட்டென்று விட்டுக்கொள்ளும், வளையமே திறந்துவிடும். மார்புப் பக்கம் மட்டும் கழலும் கொக்கி போதாது: சாவி கழன்று போனாலும் வளையம் கழுத்திலேயே இருக்கும்.

1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அதிலேயே அவர் உயிர் போனது.

கடையிலேயே நாடாவைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். திறக்காத நாடாவைப் பிள்ளைகளுக்கு மாட்டவே மாட்டாதீர்கள். மெஷின் ஓடுகிற இடத்தில் எந்த நாடாவும் வேண்டாம். சாவி சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.