சுரண்டல் லாட்டரியும் என் மகனின் செல்போனும்



பிள்ளைகளின் செல்போன் விளையாட்டு பற்றி இந்தப் பகுதியில் அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் ‘போனைப் பிடுங்கிப் பூட்டி வையுங்கள்’ என்றே முடிகின்றன. நானும் பிடுங்கிப் பூட்டியவள்தான். அதனால் என்ன ஆயிற்று, பிறகு என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று என் கணவர் முதலில் தயங்கினார். “நம்ம பேர் போடாம எழுது” என்று பிறகு அவரே சொல்லிவிட்டார்.

என் கணவர் சின்னதாக எலெக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரு மகன், ஒரு மகள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது மகன் ஐந்தாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பு என்று பள்ளியில் சொன்னதும், கணவர் தனக்குப் புதிதாக ஒரு போன் வாங்கிக்கொண்டு பழையதை அவனிடம் கொடுத்தார். பழைய போனில் இருந்த சிம்மை மாற்றவில்லை. பேங்க் கணக்கும் அந்த நம்பரில்தான் இருந்தது. பையன் படிக்கத்தானே எடுக்கிறான் என்ற நினைப்பு. இந்த ஒரு அசட்டை எங்களுக்கு எவ்வளவு பெரிய பாடமாகப் போகிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

காலையில் இரண்டு மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் துப்பாக்கி வைத்துச் சுடுகிற ஒரு விளையாட்டு. பெயர் சொல்ல விரும்பவில்லை. இந்த வகை விளையாட்டுகளில் பப்ஜியை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2022-ல் இன்னொன்றையும் தடை செய்தார்கள். ஆனால் ஒன்று போனால் இன்னொன்று வந்துகொண்டுதான் இருந்தது. தடையை நம்பி நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

முதலில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேனே. வெளியில் போகக் கூடாத நேரம். கைக்குழந்தையாக மகள். அவன் ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு அடுப்படி வேலை நடந்தது. ஒரு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அதற்குள் பையன் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருந்தான். கூப்பிட்டால் பதில் வராது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சாப்பிடுவான். காலையில் எழுப்பினால் எரிந்து விழுவான். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவனின் கையெழுத்து, கோழி கிளறிய மண் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியும் போட வேண்டி வந்தது. கண் டாக்டர், “தினம் கொஞ்ச நேரமாவது வெளிச்சத்துல, வெட்டவெளியில விளையாட விடுங்க” என்றார். எங்கே விடுவது? தெருவே அடைத்துக் கிடந்த காலம் அது.

2021 அக்டோபரில் என் கணவர் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தார். முகமே சரியில்லை. 40 ரூபாய், 80 ரூபாய், 240 ரூபாய் என்று வரிசையாகப் பணம் போயிருந்தது. இரண்டு மாதத்தில் 7,460 ரூபாய். அந்த விளையாட்டில் ‘டைமண்ட்’ என்று ஒன்று இருக்கிறதாம். அதை வாங்கினால் துப்பாக்கிக்குப் புதுப் பூச்சு, ஆளுக்குப் புதுச் சட்டை. கடையில் அப்பா ரகசிய எண்ணை அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்து வைத்திருக்கிறான். பேங்கிலிருந்து வரும் மெசேஜையும் உடனுக்குடன் அழித்திருக்கிறான். பதினோரு வயதுப் பிள்ளை!

பணம் போனதைவிட, அந்த மெசேஜை அழித்ததுதான் என் கணவரைச் சுட்டுவிட்டது. ஒரு நாளும் கை நீட்டாத மனிதர் அன்று அடித்துவிட்டார். போன் பீரோவுக்குள் போனது. சாவி என் தாலிக் கயிற்றில்.

அன்று இரவும் மறுநாளும் என் மகன் நடந்துகொண்ட விதத்தை எழுதக் கை நடுங்குகிறது. கெஞ்சினான், கத்தினான், சுவரில் தலையை முட்டினான். “ஒரே ஒரு தடவை குடும்மா, என் டீம்ல எல்லாரும் என்னைத் தூக்கிருவாங்க” என்று அழுதான். மூன்றாம் நாள் மாலையில் ஆளைக் காணவில்லை. கணவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நான் பக்கத்துத் தெருவெல்லாம் தேடினேன். இரவு ஒன்பதரைக்கு, எதிர்வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தவனை அந்த வீட்டு அக்காதான் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். அந்த இரண்டரை மணி நேரம் என் மனதில் என்னென்ன ஓடியது என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

மறுநாளே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட புள்ளையக் கூட்டிட்டுப் போறதா’ என்று மாமியார் அழுதார். போனது நல்லதாயிற்று. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி விளையாட்டைப் பற்றியே இல்லை. “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறான்?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அவனிடம் தனியாகப் பேசிவிட்டுச் சொன்னார்: போர்வைக்குள் இரவு இரண்டு மணி வரை ஆடியிருக்கிறான். 6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டுமாம். இவனுக்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. எரிச்சல், மறதி, கையெழுத்து எல்லாவற்றிலும் பாதி அதனால்தான் என்றார்.

‘அடிமை’ என்ற வார்த்தையைச் சட்டென்று பிள்ளைமேல் ஒட்டாதீர்கள் என்றும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை ஒரு நோயாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிக நேரம் ஆடுவது மட்டும் அந்த நோய் இல்லை. நிறுத்த முடியாமல் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாக வேண்டும், கெடுதல் வந்த பிறகும் தொடர வேண்டும், பொதுவாக ஒரு வருடமாவது இப்படி இருக்க வேண்டும். என் மகன் அந்த வாசல்படியில் நின்றான், உள்ளே போகவில்லை என்பது அவர் கணிப்பு. “ஒரேயடியாப் பிடுங்காதீங்க. ஒரு வாரம் பக்கத்துல உக்காந்து அவன் என்ன ஆடுறான்னு பாருங்க” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து கேட்டுப் போனால் வேடிக்கை பார்க்கச் சொல்கிறாரே! இருந்தாலும் உட்கார்ந்தேன். வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே பார்த்தேன்.

முதல் நாளே ஒன்று புரிந்தது. அந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க வழியே இல்லை. நான்கு பேர் ஒரு அணி. ஒரு ஆட்டம் இருபது, இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூன்று பேருக்கும் கஷ்டம். நான் ஒரு வருடமாக “சாப்பிட வாடா” என்று கத்தியது முழுக்க ஆட்டத்தின் நடுவில்தான். கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து யாராவது ‘உடனே வா’ என்றால் நாம் போவோமா? “இந்தா வர்றேம்மா” என்று அவன் சொன்னது முழுப் பொய் இல்லை.

அந்த மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் அவனோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவர்கள். பள்ளி மூடிய பிறகு அவன் சிநேகிதர்களைச் சந்தித்த ஒரே இடம் அதுதான். மூன்றாவது ஆள் யாரென்றே தெரியாத பெரிய பையன். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றச் சொன்னபோதுதான் இத்தனை நாள் என் பிள்ளை காதில் என்ன விழுந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது.

நான்காம் நாள் பார்த்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு சக்கரம் வந்தது. டைமண்டைக் கொடுத்துச் சுற்றினால் ஏதோ ஒரு பரிசு. என்ன பரிசு என்று முன்கூட்டித் தெரியாது. மிச்சமிருந்த டைமண்டை வைத்துச் சுற்றினான். சக்கரம் சுழலும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல்... அந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சம்பளம். பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் லாட்டரிக் கடை. அங்கேயே நின்று நாலணாக் காசால் டிக்கெட்டைச் சுரண்டுவார். சின்னப் பெண்ணான என்னைச் சித்தி அவரைக் கூட்டி வர அனுப்புவார். சுரண்டும்போது சித்தப்பா முகம் இப்படித்தான் இருக்கும். ஒன்றும் விழாவிட்டால் “அடுத்தது பாரு” என்பார். பத்து ரூபாய் விழுந்தால் அதற்கும் டிக்கெட் வாங்குவார். சித்தியின் தோடு, குடம், கடைசியில் தையல் மிஷின், எல்லாம் அடகுக்குப் போயின. 2003-ல் தமிழகத்தில் லாட்டரியைத் தடை செய்தபோது சித்தி பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்தார்.

ஊரைவிட்டுத் துரத்திய லாட்டரி என் வீட்டுக்குள், என் பிள்ளையின் கையில்! ரம்மி போலப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியது. ஆனால் குழந்தைகள் விளையாட்டுக்குள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் இந்தச் சக்கரத்தை நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். பெல்ஜியத்தில் 2018-லேயே, காசு கொடுத்துத் திறக்கும் இப்படிப்பட்ட பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு சித்தப்பா கதையை மகனிடம் சொன்னேன். திட்டவில்லை. தையல் மிஷின் போன நாளில் சித்தி எப்படி உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அந்தச் சக்கரத்துல நல்ல துப்பாக்கி வரவே வராதும்மா, எனக்குத் தெரியும்” என்றான். தெரிந்தும் சுற்றியிருக்கிறான். சித்தப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

பிறகு சில ஏற்பாடுகள் செய்தோம். சிம்மை மாற்றினோம், ரகசிய எண்ணை மாற்றினோம். நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டு ஆட்டக் கணக்காகச் சொன்னேன். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம். ஹாலில் உட்கார்ந்து, ஹெட்போன் இல்லாமல். சத்தம் வெளியே கேட்கிறது என்றதும் அந்தப் பெரிய பையன் தானாகவே கழன்றுகொண்டான். ஒன்பது மணிக்கு போன் பீரோவுக்குள். முதல் மூன்று வாரம் தினமும் சண்டைதான். நான்காவது வாரம் நவம்பர் 1 தாண்டிப் பள்ளி திறந்திருந்தது. பாதிப் பாரம் அதிலேயே இறங்கியது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தம்பி எப்போதும் பிள்ளைகள் பக்கம். 90-களில் டி.வி.யில் சொருகி மரியோ ஆடியே வளர்ந்தவன். “அக்கா, இதுல நல்லதும் இருக்கு” என்பான். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2003-ல் செய்த ஆராய்ச்சியில், இப்படிப்பட்ட வேகமான விளையாட்டு ஆடுபவர்களுக்குப் பார்வைக் கவனம் கூர்மையாக இருந்ததாம். ஆனால் அவர்கள் வளர்ந்த இளைஞர்கள். 2014-ல் இங்கிலாந்தில் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆடியவர்கள் ஆடாதவர்களைவிடச் சற்று நன்றாகவே இருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் நிலைமை நேர்மாறு. வித்தியாசம் பெரிதில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு ஆறுதல் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் தம்பி ஆடிய மரியோ வேறு. அப்பா செய்தி பார்க்க வேண்டும் என்றால் அது அணைந்துவிடும். கரண்ட் போனால் முடிந்துவிடும். இன்றைய விளையாட்டு ‘இன்றைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று தினமும் கூப்பிடுகிறது.

எதிர்பாராத உதவி என் மாமியாரிடமிருந்து வந்தது. சாயங்காலம் பேரனைத் தாயம் ஆடக் கூப்பிட்டார். ஆரம்பத்தில் அவனால் தோற்பதைத் தாங்கவே முடியவில்லை. காயை வெட்டினால் கட்டையைத் தூக்கி எறிவான். போனில் தோற்றால் உடனே அடுத்த ஆட்டம் வந்துவிடும். இங்கே தாயம் விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எதிரில் ஜெயித்தவர் சிரிப்பதையும் பார்க்க வேண்டும். போதாததற்கு மாமியார் கள்ளாட்டம் ஆடுவதில் கெட்டிக்காரர். “அப்பத்தா, கேம்ல இப்படி ஏமாத்தினா ஐடியவே தூக்கிருவாங்க!” என்று கத்துவான். “தூக்கட்டும்டா, நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்” என்பார். அவன் வாய்விட்டுச் சிரித்ததை ஒன்றரை வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன்.

சின்னவளுக்கு ஐந்து வயது வரை போனைக் கையில் கொடுக்கவில்லை. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக்குள் அறவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. போனைக் காட்டிச் சோறு ஊட்டும் இளம் தாய்மார்களைப் பார்க்கும்போது சொல்லலாமா என்று வாய் வரும். சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று பேசாமல் வந்துவிடுவேன்.

எங்களைப் போலத் தவிக்கிற யாராவது இருந்தால், 2022-லிருந்து டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. வீட்டிலிருந்தே பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். எங்கள் கஷ்ட நேரத்தில் அது இல்லை.

மகன் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறான். இன்னமும் ஆடுகிறான், சனி ஞாயிறுகளில். பரீட்சை முடிந்த வாரத்தில் கணக்கு மீறுவதும் உண்டு. அப்போது வீட்டில் பழைய சண்டை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பாஸ்புக்கை என் கணவர் இன்றும் மாதம் தவறாமல் என்ட்ரி போட்டு வாங்கி வந்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்க்கிறார். மகன் அதைக் கவனித்தும் கவனிக்காதவன் போல் இருப்பான். அதைப் பார்க்கும்போது எனக்கு மனது பிசையும்.

போன வாரம் இரவு, ஒரு சீரியலின் விட்ட பகுதியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தன் போனைப் பீரோவில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் நின்றான்.

“மணி ஒன்பதேகால் ஆச்சும்மா. உன் போன்?”

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.